பிளாட்பாரத்தில் இருப்பவருக்கு மனநல சிகிச்சை: ஆதார் கேட்டால் என்ன சொல்வது?

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடும். நல்ல திட்டம்தான். வீடே இல்லாதவரை எந்தத் தெருவில் போய்த் தேடுவது? பாலத்தடியில் படுத்திருப்பவரிடம் என்றைக்காவது ஒரு நடமாடும் மருத்துவ வண்டி வரும். நாலைந்து நாள் மாத்திரை தரும். “மீதிக்கு ஜிஹெச் போங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பும். அலைச்சல் அங்கேதான் ஆரம்பிக்கிறது, அதிலும் மனநலம் குன்றியவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஒரு அம்மாவை அப்படி அழைத்துப் போனோம். ஓபி சீட்டில் முகவரி என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் கவுண்டரில் இருந்தவர் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். “ஆதார் இருக்கா?” அந்த அம்மா மஞ்சப்பைக்குள் கைவிட்டு, பழைய பஸ் டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். அன்றைக்கு எங்களுக்குச் சட்டம் தெரியாது. திரும்பி வந்துவிட்டோம்.

சட்டம் இதுதான்: மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 18(7). வீடற்றவருக்கும் ஆதரவற்றவருக்கும் அரசு நடத்தும், அரசு நிதியில் நடக்கும் மனநல மருத்துவ நிலையங்களில் சிகிச்சை இலவசம். வறுமைக்கோட்டு அட்டை கையில் இல்லாவிட்டாலும் அந்த உரிமை உண்டு. பிரிவு எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னால் காதில் விழாதது, எண்ணைக் காட்டினால் விழும்.

காவல் நிலையத்தில் முதலில் கேட்பது, “எங்க லிமிட் இல்லையே.” அவர் இப்போது எந்த இடத்தில் திரிகிறாரோ அந்த எல்லைக்கான நிலையம்தான் பொறுப்பு. சொந்த ஊர் எது என்பது அப்புறம். தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் ஒருவர் இருந்தால், பிரிவு 100-இன்படி பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்காகக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கவே கூடாது. காணாமல் போனவர் என்று எஃப்ஐஆர் போட்டுக் குடும்பத்தைத் தேடுவதும் அவர்கள் கடமை. எஃப்ஐஆர் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது மருத்துவமனையில், “மாஜிஸ்திரேட் ஆர்டர் கொண்டு வாங்க.” 1987-ஆம் ஆண்டின் பழைய மனநலச் சட்டத்தில் அது வேண்டியிருந்தது. 2018 மே மாதம் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. காவலர் நேரே பரிசோதனைக்கு அழைத்து வர இப்போது அந்த உத்தரவு தேவையில்லை. சட்டம் மாறிவிட்டது, கவுண்டர் மாறவில்லை.

பலர் தோற்றுப்போவது அட்மிஷன் கையெழுத்தில். “சொந்தக்காரங்க வரட்டும்” என்பார்கள். சொந்தக்காரர் இருந்தால் அவர் ஏன் பிளாட்பாரத்தில் இருக்கிறார்? நியமனப் பிரதிநிதி (சிகிச்சை விஷயத்தில் நோயாளிக்குத் துணை நிற்க நியமிக்கப்பட்டவர்) இல்லாதவருக்கு, மனநலத் துறையில் வேலை செய்யும் பதிவுபெற்ற சங்கத்தின் ஆள் ஒருவர் தற்காலிகமாக அந்த இடத்தில் நிற்கலாம் என்று பிரிவு 14 சொல்கிறது. லெட்டர்பேடில் எழுத்துமூலமாகக் கேட்க வேண்டும். அதனால் போவதற்கு முன்பே அப்படி ஒரு சங்கத்திடம் பேசிவையுங்கள். பக்கத்து மாவட்ட மருத்துவமனையில் வீடற்ற மனநோயாளிகளுக்கான அவசர சிகிச்சை, மீட்பு மையம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

14416, ‘டெலி மானஸ்’ என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், நாள் முழுக்க எடுப்பார்கள். ஆனால் அது போனில் ஆலோசனை தரும் எண். அழைத்துப் போக ஆள் வரும் என்று தெருமுனையில் காத்திருக்காதீர்கள். காயம், காய்ச்சல், மயக்கம் என்றால் 108தான்.

“அட்மிஷன் தேவையில்லை” என்று டாக்டர் சொன்னால் அழைத்துப் போனவரை வாசலில் விட்டுவிட்டு வராதீர்கள். வீடற்றவர்களுக்கான அரசுக் காப்பகத்தில் சேர்ப்பது அப்போதும் காவல் துறையின் வேலை. சென்னையில் காப்பகம் பற்றி மாநகராட்சியின் 1913-இல் கேட்கலாம். கிளம்பும்முன் மாத்திரைச் சீட்டைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் மஞ்சப்பையோடு அதுவும் போய்விடும்.