மெயிலில் வங்கியின் பெயர், முகவரியில் யார் பெயர்?

"உங்கள் கேஒய்சி காலாவதியாகிவிட்டது. 24 மணி நேரத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும்." மேலே வங்கியின் சின்னம், கீழே ஒரு நீலப் பொத்தான். கேஒய்சி என்றால் வங்கி வைத்திருக்கும் நம் அடையாள, முகவரி விவரம். ஓசூர் சிப்காட்டில் சம்பளக் கணக்கு வைத்திருப்பவருக்கும் இது வரும், தர்மபுரி அங்காடியில் பட்டுக்கூடு விற்ற பணம் கணக்கில் ஏறக் காத்திருப்பவருக்கும் வரும். எழுத்துப்பிழை இருந்தால் போலி என்று முன்பு சொல்வார்கள். இனி அதை நம்பிப் பயனில்லை. தமிழோ தெலுங்கோ கன்னடமோ, பிழையில்லாமல் எழுதித் தர இன்று மென்பொருள் இருக்கிறது. சின்னத்தை வங்கியின் தளத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். மோசடிக்காரரால் எடுத்துக்கொள்ள முடியாதது வங்கியின் இணைய முகவரி ஒன்றுதான்.

மெயிலைச் சர்வருக்குச் சர்வர் கொண்டுபோகும் எஸ்எம்டிபி விதிமுறை 1982-ல் வெளியானது. அனுப்புநர் பெயர் உண்மைதானா என்று சோதிக்க அதில் வழி வைக்கவில்லை. பெங்களூரா மாங்காய்க் கூடையில் அல்போன்சா என்று சீட்டு ஒட்டுவது போல, யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் எழுதிக்கொள்ளலாம். இந்த ஓட்டையை அடைக்க மூன்று ஏற்பாடுகள் பிறகு வந்தன. எந்தெந்தச் சர்வர்கள் தன் பெயரில் மெயில் அனுப்பலாம் என்று வங்கி வெளியிடும் பட்டியல் எஸ்பிஎஃப். ஒவ்வொரு மெயிலிலும் போடும் டிஜிட்டல் கையொப்பம் டிகேஐஎம். இவை கண்ணில் தெரியும் முகவரியோடு பொருந்தாவிட்டால் மெயிலை ஸ்பேமில் தள்ளவா, திருப்பவா என்று சொல்வது டிமார்க்.

கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மெயிலின் வலது மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளியை அழுத்தி, 'ஷோ ஒரிஜினல்' கொடுத்தால் இந்த மூன்றுக்கும் நேரே 'பாஸ்', 'ஃபெயில்' என்று தெரியும். 'ஃபெயில்' என்றால் அந்த மெயிலை நம்பவே வேண்டாம். ஆனால் 'பாஸ்' என்றால் வங்கி அனுப்பியது என்று அர்த்தமில்லை. எந்த முகவரி தெரிகிறதோ அதன் சொந்தக்காரர் அனுப்பியது, அவ்வளவுதான். மோசடிக்காரர் சில நூறு ரூபாய்க்கு ஒரு முகவரியை வாங்கி, அதற்கு மூன்றையும் ஒழுங்காக அமைத்தால் அவருக்கும் 'பாஸ்'தான் வரும். அதனால் முகவரியைப் படிக்கத் தெரிந்தாக வேண்டும். செல்போன் செயலியில் பெயர் மட்டும்தான் தெரியும். பெயருக்குக் கீழே உள்ள சிறு அம்புக்குறியைத் தொட்டால் முழு முகவரி விரியும்.

லிங்க்கைத் தட்டித் திறக்காமல் விரலை அதன்மேல் அழுத்திப் பிடியுங்கள், அது போகும் இடம் தெரியும். இப்படி ஒன்று வந்ததாக வைத்துக்கொள்வோம் (ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் எழுதுகிறோம்): 'நம்வங்கி.பேங்க்.இன்.கேஒய்சி-அப்டேட்.டாப்/லாகின்'. கண் முதலில் 'நம்வங்கி'யில் விழுந்து திருப்தி அடைந்துவிடும். முகவரியை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். தொடக்கத்து இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதன் பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதற்கு இடப்பக்கம் ஒட்டி நிற்கும் 'கேஒய்சி-அப்டேட்.டாப்' என்பதுதான் உரிமையாளர். அதற்கும் இடப்பக்கம் இருப்பதெல்லாம் அவர் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்வது. ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஆர், என் இரண்டும் ஒட்டி நின்றால் எம் போலத் தெரியும், அதையும் கவனியுங்கள்.

நமக்கு இப்போது ஒரு வசதி உண்டு. 2025 அக்டோபர் 31-க்குள் வங்கிகள் எல்லாம் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த முகவரியைப் பதிந்து தருவது ரிசர்வ் வங்கி அமைத்த ஐடிஆர்பிடி என்ற நிறுவனம் மட்டுமே. வங்கி அல்லாதவருக்குக் கிடைக்காது. நெட் பேங்கிங் பக்கத்தின் முகவரி அப்படி முடிகிறதா என்று பார்த்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். முகவரிக்கு அருகே தெரியும் பூட்டுப் படத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். போலித் தளமும் அந்தப் பூட்டுக்கான சான்றிதழை இலவசமாகவே வாங்கிவிடும்.

ஓடிபி இருக்கிறதே, என்ன ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். போலிப் பக்கத்தில் நீங்கள் யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் போடும் அதே நொடியில், அவை உண்மையான வங்கித் தளத்தில் போடப்படுகின்றன. வங்கியே உங்கள் போனுக்கு ஓடிபி அனுப்புகிறது. போலிப் பக்கம் அதற்கும் ஒரு கட்டம் காட்டுகிறது. எண் வந்த இடம் உண்மையானது என்பதால்தான் சந்தேகமே வருவதில்லை. இங்கே காப்பாற்றுவது அந்த எஸ்எம்எஸ்ஸை முழுதாகப் படிப்பதுதான். கேஒய்சிக்கு என்று சொன்ன இடத்தில், புதிய பயனாளியை (பணம் பெறுபவரை) சேர்க்கவோ வேறொரு போனில் மொபைல் பேங்கிங் பதியவோ ஒரு தொகையைச் செலுத்தவோ இந்த எண் என்று எஸ்எம்எஸ் சொல்லும். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மேலே போய்விடுகிறோம்.

24 மணி நேரக் கெடுவும் பொய். கேஒய்சி புதுப்பிப்பு ஆபத்து குறைந்த கணக்குக்கு 10 ஆண்டுக்கு ஒருமுறை, நடுத்தரத்துக்கு 8, அதிக ஆபத்துள்ளதற்கு 2. கெடு முடியுமுன் வங்கி குறைந்தது மூன்று முறை தெரிவிக்க வேண்டும், அதில் ஒன்றாவது கடிதமாக இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2025 ஜூன் திருத்தம். விவரம் எதுவும் மாறவில்லை என்றால் சுய அறிவிப்பே போதும். சந்தேகம் வந்தால் கிளைக்கே போய்விடலாம், பாலக்கோட்டிலோ பர்கூரிலோ அது ஒரு பஸ் தூரம்தான்.

மெயிலோடு வரும் இணைப்புகளில், கணக்கு அறிக்கை என்று எச்டிஎம்எல் கோப்பு (இணையப் பக்கமாகத் திறப்பது) வந்தால் திறக்க வேண்டாம். அது போலி லாகின் பக்கமாக இருக்கலாம். ஏபிகே, அதாவது போனில் செயலியை நிறுவும் கோப்பு, அதைவிட மோசம். நிறுவிவிட்டால் எஸ்எம்எஸ்களையே வேறிடத்துக்கு அனுப்பிவிடும்.

ஏற்கெனவே விவரம் கொடுத்துவிட்டால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் ஒரு கணக்கில் நிற்பதில்லை. வாடகைக்கு எடுத்த பல கணக்குகளுக்குத் துண்டு துண்டாகப் போய், ஏடிஎம்மில் எடுக்கப்பட்டுவிடும். எடுக்கும் முன் புகார் போனால் அந்தத் தொகையை நிறுத்திவைக்க முடியும். அடுத்து, கார்டின் பின்புறமுள்ள வங்கி எண். மெயிலில் இருக்கும் எண் வேண்டவே வேண்டாம். வேறொரு போனிலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, பயனாளிகள் பட்டியலில் தெரியாத பெயர் உண்டா என்று பாருங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போகலாம். மெயிலை அழிக்க வேண்டாம், 'ஷோ ஒரிஜினல்' காட்டும் அதன் தலைப்பு விவரங்கள்தான் சாட்சி.

வெட்கப்பட்டு ஒரு நாள் தள்ளிப்போடுவதற்கும் விலை உண்டு. 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரே ரகசிய விவரத்தைக் கொடுத்திருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நஷ்டம் அவருடையது. தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு.