மீன்கொத்தி பாய்ந்த பிறகு பட்டனை அழுத்தலாம்

படத்தில் ஒருவர் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த ஷாட்டில் ஒரு மீன்கொத்தி தண்ணீருக்குள் பாய்ந்து மீனோடு மேலே வருகிறது. நடிகரும் அந்தப் பறவையும் ஒரே ஆற்றைப் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. ஐந்து நொடிப் பறவைக்காகப் படக்குழு நாள்கணக்கில் காத்திருக்க முடியாது. யாரோ எப்போதோ காத்திருந்து எடுத்ததை உரிமத் தொகை கொடுத்து வாங்கிச் சேர்த்துவிடுவார்கள். இதற்குப் பெயர் ஸ்டாக் ஃபுட்டேஜ். விலங்குக் காட்சிகளை மட்டுமே சேர்த்து வைத்து சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு.

மீன்கொத்தி வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பாய்ச்சலோ கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அது கிளம்பியதைக் கண் பார்த்து விரல் பட்டனை அழுத்துவதற்குள் சுமார் 0.2 நொடி போய்விடும். ஸ்லோமோஷனுக்காக நொடிக்கு 1000 ஃபிரேம் எடுக்கிறோம் என்றால், அந்த இடைவெளியில் 200 ஃபிரேம் காலி. நொடிக்கு 25 ஃபிரேம் வீதம் திரையில் ஓட்டும்போது அது முழுசாக 8 நொடி. பாய்ச்சலின் அழகான தொடக்கமே கிடைக்காது.

இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. கேமரா ஓயாமல் பதிவு செய்துகொண்டே இருக்கும். ஆனால் கடைசிச் சில நொடிகளை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பழையதன் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். பறவை மீனோடு கிளைக்குத் திரும்பி வந்த பிறகு நிதானமாகப் பட்டனை அழுத்தினால் போதும். நடந்து முடிந்தது அப்படியே பத்திரமாக இருக்கும்.

வெளிச்சம் இன்னொரு தலைவலி. 25 ஃபிரேமில் ஒவ்வொரு படத்துக்கும் வழக்கமாக ஐம்பதில் ஒரு பங்கு நொடி வெளிச்சம் கிடைக்கும். 1000 ஃபிரேமில் அதே கணக்குப்படி இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். நாற்பது மடங்கு குறைவு. அதனால்தான் இத்தகைய காட்சிகள் பெரும்பாலும் நல்ல வெயிலில் எடுக்கப்படுகின்றன. உள்ளே விளக்கு வைத்துப் பூச்சிகளை எடுப்பவர்களுக்கு வேறு சிக்கல்: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் சாதாரண விளக்கு நொடிக்கு 100 முறை மங்கித் தெளிகிறது. நம் கண்ணுக்குத் தெரியாது. ஸ்லோமோஷனிலோ பத்து ஃபிரேமுக்கு ஒருமுறை காட்சியே மினுக்கும்.

சரி, காட்சி கிடைத்துவிட்டது. லட்சம் கிளிப்புகளுக்கு நடுவே அதை எப்படித் தேடி எடுப்பது? இந்தத் தொழிலின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன். ஒவ்வொரு கிளிப்போடும் ஒரு குறிப்பு போகும்: என்ன இனம், ஆணா பெண்ணா, குஞ்சா, என்ன செய்கிறது, எந்த நாடு, எந்தப் பருவம். பேச்சுவழக்குப் பெயரை மட்டும் எழுதினால் சிக்கல்தான். ஐரோப்பாவில் ராபின் என்றால் எரிதாகஸ் ரூபெகுலா. அமெரிக்காவில் ராபின் என்றால் டர்டஸ் மைக்ரேட்டோரியஸ். இரண்டும் வேறு குடும்பத்துப் பறவைகள். 1964ல் வந்த 'மேரி பாப்பின்ஸ்' படத்தின் கதை லண்டனில் நடக்கிறது; அதில் ஜன்னலோரம் வரும் ராபினோ அமெரிக்க ராபின். அது பொம்மைப் பறவைதான் என்றாலும் பறவை பார்ப்பவர்கள் இன்றுவரை அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அறிவியல் பெயர் எழுதியிருந்தால் ஸ்டாக் காட்சியில் இந்தக் குழப்பம் வராது.

காட்டில் எடுத்ததா, கூண்டிலா என்பதையும் எழுதியாக வேண்டும். 1958ல் டிஸ்னி வெளியிட்ட ஓர் ஆவணப்படத்தில் லெம்மிங் என்ற சிறு கொறிவிலங்குகள் கூட்டமாகத் தண்ணீரில் விழும் காட்சி வந்தது. வேறிடத்திலிருந்து கொண்டுவந்து, படத்துக்காகவே தள்ளிவிட்டவை என்பது பின்னாளில் தெரிந்தது. லெம்மிங்குகள் கூட்டமாகத் தற்கொலை செய்யும் என்று இன்றும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பொய்க் காட்சி எவ்வளவு காலம் வாழும், பாருங்கள்! காண்டாமிருகம் போன்றவற்றுக்கு மட்டும் எடுத்த இடத்தைத் துல்லியமாக எழுதாமல் விடுவது நல்லது. வேட்டைக்காரர்களுக்கும் அந்தக் குறிப்பு உதவிவிடும்.

அப்புறம் சத்தம். தொலைவிலிருந்து நீண்ட லென்ஸில் எடுப்பதால் பல கிளிப்புகளில் பயன்படும்படியான ஒலியே இருக்காது. சிறகடிப்பும் மெல்லும் சத்தமும் பிறகு ஸ்டுடியோவில் சேர்ப்பவை. வெண்தலைக் கழுகின் குரல் மெலிந்த கீச்சொலி. அதன் கம்பீரத்துக்குப் பொருந்தவில்லை என்று படங்களில் அடிக்கடி செவ்வால் பருந்தின் அலறலைப் பொருத்துகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்தக் கீச்சொலிதான் அந்தப் பறவை.

குறிப்பு எழுதி, தேடும்படி வைப்பதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், சில விலங்குகளைத் திரும்பப் படமெடுக்கவே முடியாது. தைலசீன் எனும் டாஸ்மேனியப் புலிகளில் (பெயர்தான் புலி, உண்மையில் வயிற்றில் பை கொண்ட விலங்கு) நமக்குத் தெரிந்த கடைசி விலங்கு 1936ல் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகர விலங்குக்காட்சிசாலையில் இறந்தது. அந்த இனத்தைப் பற்றி எஞ்சியிருக்கும் படச்சுருள் எல்லாம் சேர்த்தே சில நிமிடங்கள்தான். 2020ல் ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட ஒலிக் காப்பகம் இன்னும் 21 நொடிகளை வெளியிட்டது. 1935ல் எடுத்த ஒரு பயணப் படத்துக்குள், 85 ஆண்டுகளாக மக்கள் பார்வைக்கு வராமல் கிடந்த துண்டு அது. அதில் யாரோ வெளியிலிருந்து கூண்டை ஆட்டுகிறார்கள். வரிமுதுகோடு அது உள்ளே நிற்கிறது.