பத்து வருஷத் திட்டமும் நாலு பூட்டும்

மாரி தொடங்குவதற்குச் சற்று முன், வாவிக்கரையோரம் உள்ள ஒரு சிறிய லூத்தரன் சபையில் இருந்து என்னைக் கூப்பிட்டார்கள். பத்து வருஷத் திட்டம் எழுதப் போகிறோம், கணக்குப் பக்கத்தை வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். மாதர் சங்கம், மீனவர் சங்கம், கோயில் பரிபாலன சபை என்று மட்டக்களப்பு முழுக்கக் கணக்குப் பார்ப்பதுதான் என் தொழில். நான் சைவக்காரன். அது அவர்களுக்கும் தெரியும். "கணக்குக்குச் சமயம் இல்லைதானே ஐயா" என்று மூப்பர் சிரித்தார்.

போனபோது சுவரில் பிரிஸ்டல் போட் ஒட்டி, வண்ணப் பேனையால் அழகாக எழுதி வைத்திருந்தார்கள். ஒன்று: ஹோல் கட்டுதல். இரண்டு: போதகருக்கு வீடு. மூன்று: சபைக்கு வாகனம். நாலாவதாக, இடம் போதாமல் சற்றுச் சின்ன எழுத்தில், ஆவிக்குரிய வளர்ச்சி.

சிரிக்க வேண்டாம். கோயில்களிலும் இதே பட்டியல்தான், ஹோலுக்குப் பதில் கோபுரம் இருக்கும். கட்டடம் கண்ணுக்குத் தெரியும், திறப்பு விழா வைக்கலாம், கல்லில் பெயர் பொறிக்கலாம். சுனாமிக்குப் பின் வெளிநாட்டுக் காசில் எழும்பிய பொதுக் கட்டடங்கள் எத்தனை இன்று கதவில்லாமல் நிற்கின்றன என்று கரையோரமாக ஒருமுறை மோட்டார் சைக்கிளில் போய்ப் பாருங்கள். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துத் தூண் பிளந்து நிற்கும். கட்டத் தந்தவர்கள் பராமரிக்கத் தரவில்லை. நான் எல்லோரிடமும் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: கட்டிய காசில் நூற்றுக்கு 2 பங்காவது வருஷாவருஷம் பராமரிப்புக்கு ஒதுக்க முடியாது என்றால், அந்தக் கட்டடம் உங்களுக்குப் பெரிது.

அன்றைக்கு நான் காசுக் கொப்பியைக் கேட்கவில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டையும் திடப்படுத்தல் பதிவேட்டையும் கேட்டேன். திடப்படுத்தல் என்றால், ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்தபின் தன் விசுவாசத்தைத் தானே சபை முன் உறுதிப்படுத்தும் சடங்கு. பொருளாளருக்கு விளங்கவில்லை. அலுமாரியைத் திறந்து, ஓரம் கறையான் தின்ற இரண்டு பெரிய கொப்பிகளைக் கொண்டுவந்து வைத்தார். கடந்த பத்து வருஷத்தில் திடப்படுத்தல் எடுத்த பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாக வாசியுங்கள், இப்போது எங்கே என்று மற்றவர்கள் சொல்லுங்கள் என்றேன்.

"இவன் கட்டார்ல." "இவள் கலியாணம் கட்டிக் கனடாவுக்குப் போய்ட்டாள்." "இவன் கொழும்பில, ஈஸ்டருக்கு வருவான்." "இவன் இஞ்சதான், ஆனா கோயிலுக்கு வாறேல்ல." பென்சிலால் நான் புள்ளி போட்டுக்கொண்டே போனேன். பக்கம் முடியும்போது ஊரில் இருந்து ஒழுங்காக ஆராதனைக்கு வருகிறவர்களை ஒரு கைவிரலில் எண்ணலாம். யாரும் பேசவில்லை. பிளேன்டி ஆறிப்போய் இருந்தது. கடைசி வாங்கில் இருந்த ஒரு அம்மாதான் வாய் திறந்தார்: "ஏன் மனே, இந்த ஹோலைக் கட்டி முடிக்கக்குள்ள, அதைக் கூட்டிப் பெருக்கவாவது ஆக்கள் இருப்பாங்களா?"

அந்த ஒரு கேள்வியோடு அன்றைய கூட்டம் வேறு கூட்டமாகிவிட்டது.

தூரநோக்கு, பணிக்கூற்று எல்லாம் பாடசாலைச் சுவரில் எழுதி வெயிலில் மங்கிப்போகிற சங்கதி. நீண்டகாலத் திட்டம் என்றால் நான் முதலில் கேட்பது, பத்து வருஷம் கழித்து இந்த அலுமாரியின் திறப்பு யார் கையில் இருக்கும் என்றுதான். இந்தச் சபைக்கு இதைச் சொல்ல எனக்கு வெளியில் உதாரணம் தேடத் தேவைப்படவில்லை. அவர்களுடைய சொந்தச் சரித்திரத்திலேயே இருக்கிறது.

1523இல் ஜெர்மனியில் லைஸ்னிக் என்ற சிறு நகரத்துச் சபை பொதுப் பெட்டி ஒன்றுக்கு விதி எழுதியது. லூத்தரன் சபைகளுக்குப் பெயர் தந்த மார்ட்டின் லூத்தரே அதற்கு முன்னுரை எழுதி அச்சில் வெளியிட்டார். கணக்குக்காரன் கண்ணுக்கு அது ஒரு விருந்து. பெட்டிக்குப் பொறுப்பாகப் பத்துப் பேரைத் தெரிவு செய்ய வேண்டும்: பிரபுக்களில் இரண்டு, நகரசபையில் இரண்டு, நகரத்துப் பொதுமக்களில் மூன்று, சுற்றுக் கிராமத்து விவசாயிகளில் மூன்று. பெட்டிக்கு நாலு பூட்டு, நாலும் வெவ்வேறு திறப்பு, ஒவ்வொரு தரப்பிடமும் ஒன்று. நாலு பேரும் வந்தால்தான் பெட்டி திறக்கும். அதில் இருந்து போதகருக்கும் ஆசிரியருக்கும் சம்பளம், ஏழைகளுக்கு உதவி, கட்டடத் திருத்தம், பஞ்ச காலத்துக்குத் தானியம் வாங்கி வைப்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கேயும் நகரசபை கையில் இருந்த கோயில் சொத்தைக் கொடுக்காமல் இழுத்தடித்தது தனிக்கதை. மனிசர் எங்கேயும் மனிசர்தான்.

இதைச் சொன்னதும் மூப்பர், "உங்கட வண்ணக்கர்மார் மாதிரி" என்றார். ஓரளவுக்குச் சரிதான். நம் பக்கத்துப் பழைய கோயில்களில் குடிகளுக்குள் வண்ணக்கர் பொறுப்பையும் (கோயில் நிர்வாகப் பொறுப்பு அது) திருவிழா உரிமையையும் பிரித்து வைத்ததும், ஒரு கையில் எல்லாம் போய்ச் சேரக் கூடாது என்ற எண்ணத்தில்தான். ஆனால் நம்முடைய முறையில் பொறுப்பு பிறப்பால் வருகிறது. லைஸ்னிக்கில் தெரிவு. சின்னச் சபைக்கு இந்த வித்தியாசம் பெரிது. இங்கே பொருளாளர் பத்தொன்பது வருஷமாக ஒருவரே. நேர்மையான மனிதர், ஒரு ரூபாய் பிசகவில்லை. ஆனால் வங்கியில் எந்தக் கணக்கு எதற்கு என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கு வயது எழுபத்திரண்டு.

அப்புறம் காசு. ஹோலுக்கென்று 2019இல் இருந்து நிலையான வைப்பில் போட்டு வந்திருக்கிறார்கள். 2022 வந்தது. மார்ச்சில் 200 ரூபாய்ப் பக்கம் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போனது. சீமெந்துப் பக்கெட் ஆயிரம் சொச்சத்தில் இருந்து மூவாயிரத்துக்கு ஏறிய காலம் அது. வைப்புப் புத்தகத்தில் தொகை குறையவே இல்லை, கட்டக்கூடிய சுவர்தான் குறைந்தது. அதனால் நீண்டகால இலக்கை ரூபாயில் எழுதாதீர்கள். எத்தனை சதுர அடி, எத்தனை கூரைத் தகடு, போதகருக்கு எத்தனை மாதச் சம்பளம் என்று எழுதி, வருஷத்துக்கு ஒருமுறை அன்றைய விலையைப் போட்டுப் பாருங்கள். விலை வருஷத்துக்கு 12 வீதம் ஏறினால் ஆறே வருஷத்தில் இரட்டிக்கும். காணிக்கை அப்படி ஏறுமா என்று கேட்டால், பெண்கள் சங்கத்து அக்காமார் சிரிக்கிறார்கள்.

காணி உறுதி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வேறோர் இடத்தில் நான் பார்த்த சங்கம் ஒன்றின் காணி மூன்று பேர் பெயரில் இருந்தது. இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள், மூன்றாமவர் லண்டனில். உறுதியில் அவர்கள் பொறுப்பாளர்கள் என்றே எழுதவில்லை, வெறும் பெயர். பிள்ளைகள் பங்கு கேட்டு வந்தபோதுதான் எல்லோரும் விழித்தார்கள். உங்கள் சபையின் காணி யார் பெயரில் இருக்கிறது, நம்பிக்கைப் பொறுப்பாளர் என்று உறுதியில் இருக்கிறதா, ஒருவர் போனால் அடுத்தவரை எப்படி நியமிப்பது என்று இருக்கிறதா? இந்தக் கிழமையே நொத்தாரிசிடம் காட்டுங்கள். பத்து வருஷத் திட்டத்தில் மிக மலிவான வேலை இதுதான்.

பதிவேடுகளும் அப்படியே. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாவலடியிலும் கல்லடியிலும் கடல் வந்தபோது மனிதர்களோடு கடதாசிகளும் போயின. அதற்கு முன் 1978 நவம்பர் சூறாவளி. இனியும் வராது என்று யார் சொல்வது? போனிலேயே பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, ஒரு பிரதியை மலைநாட்டில் இருக்கும் இன்னொரு சபையில் வையுங்கள்.

இரண்டாம் கூட்டத்துக்கு நான் போனபோது பிரிஸ்டல் போட் மாறி இருந்தது. முதல் வரி: நாற்பது வயதுக்குக் கீழே ஆறு பேர், 2035க்குள் கணக்கு, பதிவேடு, ஓய்வுநாள் பாடசாலை மூன்றையும் தாங்களாக நடத்த வேண்டும். இரண்டாவது, உறுதியும் பதிவேடும். வாகனம் காணாமல் போயிருந்தது. ஹோல் கடைசிக்குப் போய், "முதலில் இருக்கிற கூரையும் மலசலகூடமும்" என்று அடைப்புக்குறி ஒன்று சேர்ந்திருந்தது. அடைப்புக்குறி போதகரின் கையெழுத்து. முடிவாகாத ஒரே இடம் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு என்ன பங்கு என்பது; அதில் இன்னும் சண்டை.

அலுமாரிக்கு நாலு பூட்டுப் போடவில்லை, இரண்டு போட்டார்கள். ஒரு திறப்பு பொருளாளரிடம், மற்றது பெண்கள் சங்கத்திடம். மாதக் கணக்கு எழுதப் பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருத்தியைப் பொருளாளருக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். முதல் நாள் அவள் கொப்பியைப் புரட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தி, "ஐயா, இந்தப் பற்றுச்சீட்டுல திகதி இல்லையே?" என்று கேட்டாள்.

பொருளாளர் என்னைப் பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எங்க மகள், இஞ்ச கொண்டா பாப்பம்" என்றார்.