மெக்னீசியம் மாத்திரையும் ‘யூரின்ல போயிடும்’ கதையும்

இந்த மாசத்துல இது மூணாவது ஆளு. எழுபது தாண்டின அம்மா, ரெண்டு நாளா ஒரே தூக்கம், எழுப்பினா கண்ணைத் திறக்குறாங்க, மறுபடி அப்படியே சாயுறாங்கன்னு மகள் கூட்டிட்டு வந்தாங்க. மேல் பிபி 80, பல்ஸ் 44, முட்டியில சுத்தியால தட்டினா கால் அசையவே இல்ல. ஸ்ட்ரோக்கா இருக்குமோன்னு எல்லாரும் ஸ்கேனுக்கு ரெடி பண்ணிட்டு இருக்கும்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்கன்னு கேட்டேன். சுகர் மாத்திரை, பிபி மாத்திரை. வேற? வேற ஒண்ணும் இல்ல டாக்டர். மூணாவது தடவ கேட்டப்போ தான் வந்துச்சு, "சத்து மாத்திரை ஒண்ணு எடுக்குறாங்க, அது மருந்தெல்லாம் இல்ல, மெக்னீசியம் தான்."

ராத்திரி கெண்டைக்கால்ல நரம்பு சுருட்டி இழுக்குதுன்னு ஒரு வீடியோ பாத்து ஆரம்பிச்சது. தினம் ரெண்டு, இழுப்பு நிக்கலன்னு மூணு, அது போக மலச்சிக்கலுக்கு படுக்கும்போது குடிக்கிற வெள்ளை மருந்து, அதுலயும் மெக்னீசியம் தான்னு வீட்ல யாருக்கும் தெரியாது. ரத்தத்துல சுமார் 1.7லேந்து 2.2க்குள்ள இருக்க வேண்டியது அவங்களுக்கு 9.2. கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் 3க்கு மேல, அதாவது கிட்னி ரொம்ப மோசம். கால்சியம் ஊசி போட்டு, ரெண்டு தடவ டயாலிசிஸ் பண்ணி தான் முழிச்சாங்க.

மகள் கேட்ட கேள்வி தான் என்னை இதை எழுத வைக்குது. "அதிகமானா யூரின்ல போயிடும்னு தானே சொன்னாங்க?"

போகும்ங்க. கிட்னி நல்லா இருந்தா போகும். அந்த ரெண்டாவது பாதிய எந்த வீடியோவும் சொல்றதில்ல. கிட்னி ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 2400 மில்லிகிராம் மெக்னீசியத்தை வடிகட்டி, அதுல பெரும்பகுதிய திரும்ப உள்ள இழுத்துக்கிட்டு, 100 மில்லிகிராம் மாதிரி தான் வெளிய விடுது. நீங்க கூடுதலா போட்டா கூடுதலா வெளிய தள்ளும், அந்த அளவுக்கு அதுக்கு தெம்பு இருக்கு. ஆனா கிட்னி வேலை முப்பது சதவீதத்துக்கும் கீழ போயிட்டா தள்ள முடியாது, தேங்கும். தேங்கினா முதல்ல குமட்டல், அப்புறம் மயக்கம், பிபி இறங்கும், இதயம் மெதுவாகும், கடைசில மூச்சு நின்னுடும். இதுல கொடுமை என்னன்னா, கிட்னி பாதி போனவங்களுக்கு கூட ஒரு வலியும் தெரியாது, யூரின் நல்லா தான் போகும். "எனக்கு யூரின் நல்லா போகுது டாக்டர், கிட்னி நல்லா இருக்கு"ன்னு வாரத்துக்கு நாலு பேராவது சொல்றாங்க. யூரின் போறதுன்னா தண்ணி வெளிய போகுதுன்னு தான் அர்த்தம், கழிவு போகுதான்னு ரத்தத்துல கிரியாட்டினின் பாத்தா தான் தெரியும். சுகரும் பிபியும் பத்து வருஷமா இருக்கிறவங்க அந்த டெஸ்ட் எடுக்காம மெக்னீசியம் பக்கமே போகாதீங்க. கெஞ்சி கேக்குறேன்.

அப்போ மெக்னீசியம் குறைபாடுங்குறதே பொய்யான்னா, இல்ல. ஆனா நிஜமா குறையுறவங்க வேற ஆளுங்க, அவங்களுக்கு யாரும் வீடியோ போடல. போன வருஷம் ஒருத்தர், பொட்டாசியம் கம்மின்னு மூணு தடவ அட்மிஷன், ஒவ்வொரு தடவயும் பொட்டாசியம் ஏத்தி அனுப்புறாங்க, ரெண்டே வாரத்துல திரும்ப இறங்குது. விரல் எல்லாம் மடங்கி இறுகிக்குது, நெஞ்சு படபடக்குது. மெக்னீசியம் பாத்தா 0.8. அது குறைஞ்சா கிட்னியால பொட்டாசியத்தை பிடிச்சு வைக்க முடியாது, கால்சியமும் கூடவே இறங்கும், மெக்னீசியத்தை சரி பண்ணாம மத்த ரெண்டையும் எவ்வளவு ஊத்தினாலும் ஓட்டைப் பானை தான். காரணம் என்னன்னா ஏழு வருஷமா வெறும் வயித்துல போட்ட கேஸ் மாத்திரை (பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் வகை), கூடவே கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை. கேஸ் மாத்திரைய ரொம்ப நாள் எடுத்தா மெக்னீசியம் இறங்கலாம்னு அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2011லயே எச்சரிச்சாச்சு, சிலருக்கு மெக்னீசியம் கொடுத்தும் ஏறல, கேஸ் மாத்திரைய நிறுத்தின பிறகு தான் ஏறுச்சுன்னும் சேத்தே சொன்னாங்க. (சக டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை: கேஸ் மாத்திரைய ஆரம்பிக்கிற தேதிய எழுதுறோம், நிறுத்துற தேதிய எழுதுறோமா?) இது தவிர தினமும் குடிக்கிறவங்க, நாள்பட்ட பேதி இருக்கிறவங்க, கட்டுக்கடங்காத சுகர், சில கேன்சர் மருந்து எடுக்கிறவங்க. வழக்கமா எடுக்கிற சோடியம் பொட்டாசியம் ரிப்போர்ட்ல பெரும்பாலும் மெக்னீசியம் வராது, தனியா கேக்கணும்.

அந்த டெஸ்டும் முழு உண்மைய சொல்லாது. உடம்புல இருக்கிற சுமார் 25 கிராம்ல பாதிக்கு மேல எலும்புல, மீதில பெரும்பகுதி தசைல, ரத்தத்துல ஒரு சதவீதம் கூட இல்ல. அதனால நார்மல்னு வந்தாலும் சில சமயம் உள்ள குறைவா இருக்கலாம். இதை பிடிச்சுக்கிட்டு தான் "டெஸ்ட்ல தெரியாது, ஆனா உங்களுக்கு குறைவு தான்"னு விக்கிறாங்க, அசதி, தூக்கமின்மை, டென்ஷன், முடி கொட்டுறது எல்லாத்தையும் அதுல சேத்து. அந்த லிஸ்ட்ல சேராத மனுஷன் உலகத்துல யாராவது இருக்காங்களா?

பலன் இருக்கிற இடத்துல இருக்கு. கர்ப்பிணிக்கு பிபி ஏறி ஃபிட்ஸ் வர்ற நிலைமைல மெக்னீசியம் சல்பேட் ஊசி உயிர் காக்கிற மருந்து, 2002ல வந்த மேக்பை ஆய்வுல அந்த ஃபிட்ஸ் வர்ற அபாயம் பாதிக்கு மேல குறைஞ்சது. அடிக்கடி ஒத்தைத் தலைவலி வர்றவங்கள்ல சிலருக்கு மாத்திரை உதவுது. ஆனா எல்லாரும் வாங்குறதே கால் இழுப்புக்கு தானே, அதுக்கு வயசானவங்கள்ல பெருசா பிரயோஜனம் இல்லன்னு 2020ல காக்ரேன்ங்குற சர்வதேச மருத்துவ ஆய்வுக் குழு ஆய்வுகளை எல்லாம் அலசி சொல்லிடுச்சு. தூக்கத்துக்கான ஆதாரமும் பலவீனம் தான். தோல்ல அடிக்கிற ஸ்ப்ரே பத்தி பேசவே வேண்டாம்.

கிட்னி நல்லா இருந்து, டாக்டர் சொல்லி எடுக்கிறீங்கன்னா, பாட்டில்ல பெரிய எழுத்துல இருக்கிற நம்பரை பாக்காதீங்க. மெக்னீசியம் கிளைசினேட்டுங்குற வகை 1000 மில்லிகிராம்னு போட்டிருந்தா உள்ள இருக்கிற நிஜ மெக்னீசியம் 140 தான் இருக்கும். மெக்னீசியம் ஆக்சைடு வகைல அளவு நிறைய, உடம்பு எடுத்துக்கிறது கம்மி, மீதி பேதியா போகும். மாத்திரையா ஒரு நாளைக்கு நிஜ மெக்னீசியம் 350 மில்லிகிராமுக்கு மேல நீங்களா எடுக்காதீங்க, இது அமெரிக்க வரம்பு, ஐரோப்பாவுல 250 தான். தைராய்டு மாத்திரைக்கும் இதுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடுங்க. சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாட்டிக் ஓடுற நாள்ல மெக்னீசியத்தை நிறுத்தி வச்சா கூட தப்பில்ல, ரெண்டும் வயித்துலயே ஒட்டிக்கிட்டு ஆன்டிபயாட்டிக் வீணாயிடும். கீரை, பருப்பு, கொட்டை வகை, தீட்டாத தானியம் சாப்பிடுறவங்களுக்கு மெக்னீசியம் சாப்பாட்டுலயே வந்துடும், கிட்னி நல்லா இருக்கிற வரைக்கும் சாப்பாட்டால அது அதிகமாகாது.

டாக்டர்கிட்ட வரும்போது மாத்திரை, பொடி, டானிக், சத்துன்னு வீட்ல வாய்க்குள்ள போற எல்லாத்தையும் ஒரு பைல போட்டு கொண்டு வாங்க. எது மருந்து எது மருந்தில்லன்னு நீங்க முடிவு பண்ணாதீங்க.

அந்த அம்மா வீட்டுக்கு போற அன்னிக்கு, "எல்லாம் சரி டாக்டர், கால் இழுக்குதே, அதுக்கு என்ன பண்றது"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. படுக்கிறதுக்கு முன்னாடி சுவத்துல கைய ஊனி, குதிகால் தரைல படுற மாதிரி நின்னு, கெண்டைக்கால நல்லா நீட்டி மூணு தடவ இழுத்து விடச் சொல்லிருக்கேன், பிபி மாத்திரைலயும் ஒண்ணை மாத்தியிருக்கேன். அடுத்த வாரம் ரத்த ரிப்போர்ட்டோட வர்றாங்க.