எது கனவு, எது நிஜம்: ‘பெர்ஃபெக்ட் ப்ளூ’ நம் மூளையைக் குழப்பும் விதம்

ஜப்பானிய இயக்குநர் சதோஷி கோன் 1997இல் எடுத்த ‘பெர்ஃபெக்ட் ப்ளூ’ அனிமேவில், அதாவது வரைந்து எடுத்த ஜப்பானியப் படத்தில், மிமா என்ற பெண் திரும்பத் திரும்பத் தன் படுக்கையில் கண் விழிக்கிறாள். சரி, இதுவரை பார்த்தது கனவு என்று நாம் முடிவு கட்டுகிறோம், கொஞ்ச நேரத்தில் அந்த முடிவு உடைந்துவிடுகிறது. பாட்டுக் குழுவை விட்டு நடிக்க வந்தவள் அவள். அவள் பெயரில் யாரோ இணையத்தில் நாட்குறிப்பு எழுதுகிறார், அவளைச் சுற்றியிருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள், ஒருவேளை தான்தான் கொன்றோமோ என்று அவளுக்கே சந்தேகம் வருகிறது. அந்தக் குழப்பம் நம் மண்டைக்குள்ளும் எப்படி வந்து உட்காருகிறது என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

எந்த நினைவின் மேலும் ‘இது நடந்தது’, ‘இது நான் நினைத்துக்கொண்டது’ என்று முத்திரை கிடையாது. மார்சியா ஜான்சன், கேரல் ரே என்ற உளவியலாளர்கள் 1981இல் இதை விளக்கினார்கள்: நிஜமாக நடந்ததில் நிறம், ஓசை, இடம், நேரம் என்று விவரங்கள் நிறைய ஒட்டிக்கொண்டிருக்கும், கற்பனை செய்ததில் அவை குறைவு, யோசித்த சுவடுதான் அதிகம். இந்தத் தடயங்களைப் பார்த்து மூளை ஒவ்வொரு முறையும் ஊகிக்கிறது, அவ்வளவுதான். இரண்டு பக்கமும் தடயம் ஒன்றுபோல இருந்தால் ஊகம் தடுமாறும்.

வரைந்த படம் அந்தத் தடயத்தைத்தான் பறித்துவிடுகிறது. நடிகர்களை வைத்து எடுத்த படத்தில் மாயக் காட்சி வந்தால் ஒளி மாறும், கிராபிக்ஸ் துருத்திக்கொண்டு நிற்கும், பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். இங்கே மிமாவும், ரயில் ஜன்னலில் பழைய மேடை உடையோடு தெரியும் இன்னொரு மிமாவும் ஒரே கோட்டால், ஒரே வண்ணத்தால் ஆனவர்கள். இந்தக் கதையை முதலில் நடிகர்களை வைத்து எடுக்கத்தான் திட்டமிட்டிருந்தார்கள், 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு அது அனிமேவாக மாறியது. மாறியிருக்காவிட்டால் இந்தப் பயம் பாதிகூட வேலை செய்திருக்காது என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம் வெட்டு, அதாவது ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததுக்குத் தாவும் இடம். 2008இல் டிம் ஸ்மித், ஜான் ஹெண்டர்சன் என்ற ஆய்வாளர்கள், படம் பார்ப்பவர்களிடம் வெட்டு வரும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். ஒரு அசைவின் நடுவே விழுந்த வெட்டுகளில் பலவற்றை அவர்கள் கவனிக்கவே இல்லை, ஏனென்றால் அசைவு தொடர்ந்தால் காட்சியும் தொடர்கிறது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. மற்ற இயக்குநர்கள் இதை ஒரே அறைக்குள் கேமராக் கோணம் மாற்றப் பயன்படுத்துவார்கள். கோன் இதே உத்தியை வைத்து வேறு இடத்துக்கே, வேறு உலகத்துக்கே தாவுகிறார்: மேடையில் ஆடிக்கொண்டிருந்தவள் கடையில் சாமான் எடுத்துக்கொண்டிருப்பாள், மனநல மருத்துவர் பேசுவதைக் கேட்டு நாம் பதறிக்கொண்டிருக்கும்போது அது அவள் நடிக்கும் டிவி தொடரின் காட்சி என்று தெரியவரும். தாவியதே தெரியாதபோது எந்த உலகத்தில் நிற்கிறோம் என்று எப்படித் தெரியும்?

சரி, குழப்பம் ஏன் பயமாக மாற வேண்டும்? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016இல் ஒரு கணினி விளையாட்டு வைத்தார்கள். கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும், பாம்பு இருந்தால் கையில் வலிக்கிற மாதிரி மின் அதிர்ச்சி விழும். அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்த நேரத்தைவிட, விழவும் விழாமல் போகவும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்த நேரத்தில்தான் வியர்வையும் கண்மணி விரிவதும் உச்சத்தில் இருந்தன. மிமா கொலைகாரிதான் என்றோ இல்லை என்றோ தெளிவாகச் சொல்லியிருந்தால் நாம் மூச்சு விட்டிருப்போம். கோன் நம்மை அந்தப் பாதிக்குப் பாதியிலேயே நிறுத்தி வைக்கிறார்.

முதல் முறை கதையோடு போங்கள், இரண்டாம் முறை வெட்டுகளை மட்டும் கவனியுங்கள், அவர் வேலை எவ்வளவு நுணுக்கம் என்று தெரியும். பாலியல் வன்முறைக் காட்சி நீளமாகவே வருகிறது, குழந்தைகளோடு பார்க்க வேண்டாம்.