பழைய ராணுவப் பிஸ்டல்: பளபளப்பை நம்பாதீர்கள்

பொழுதுபோக்காகச் சுடப் பழக நினைப்பவர்களில் பலருக்கு முதல் ஆசையே உலகப் போர்க்காலப் பிஸ்டல் மீதுதான். தப்பில்லை. ஆனால் பழுதுபார்க்க என் மேசைக்கு வருபவற்றில், புதுசு போல மின்னுபவை மீதுதான் எனக்குச் சந்தேகம் அதிகம். துருக்குழிகளைத் தேய்த்துவிட்டு மேலே புதிதாகக் கருப்பேற்றியிருப்பார்கள். பொறித்த எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

ஒருவர் வெப்லி மார்க் 6 ரிவால்வர் கொண்டுவந்தார். 1915-இல் பிரிட்டிஷ் படை ஏற்ற மாடல், அதற்குரிய தோட்டா .455 அளவு. விற்றவரோ, "சுலபமாகக் கிடைக்கிற .45 ஏசிபி தோட்டாவையே போடலாம்" என்று சொல்லியிருக்கிறார். சிலிண்டரைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் கடைந்து மெலிதாக்கப்பட்டிருந்தது. .455 அரிதானபோது இப்படி நிறைய வெப்லிகளை மாற்றி விற்றார்கள். தோட்டா கச்சிதமாக உள்ளே போகும், வெடிக்கவும் செய்யும். ஆனால் அது எழுப்பும் அழுத்தம் அந்தச் சிலிண்டர் தாங்க வேண்டிய அளவைவிட மிக அதிகம். "நாற்பது ரவுண்டு சுட்டாச்சு, ஒன்றும் ஆகலையே" என்றார் அவர். இரும்பு ஒவ்வொரு அடியையும் கணக்கு வைத்துக்கொள்ளும் என்பதை அவருக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது.

ஜெர்மன் மாசர் சி96 பிஸ்டலின் கதையும் இதே மாதிரிதான். அதன் 7.63 மி.மீ. தோட்டாவும் சோவியத் பிஸ்டலான டோக்கரெவின் 7.62 மி.மீ. தோட்டாவும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். டோக்கரெவ் தோட்டா பெரும்பாலும் வேகமும் அழுத்தமும் கூடியது. பழைய மாசரில் அதைப் போடவே கூடாது. அதனால் பிஸ்டலைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அதற்குச் சரியான தோட்டா கிடைக்குமா என்று விசாரியுங்கள். உரிமமும் உள்ளூர்ச் சட்டமும் அதற்கும் முன்னால்.

அப்புறம் சேஃப்டி, அதாவது தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு. டோக்கரெவ் டிடி-33-இல் முதலில் சேஃப்டி லீவரே கிடையாது. ஹாமரை, அதாவது அடித்துத் தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியை, பாதியில் நிறுத்தும் வெட்டு மட்டும்தான். ஜப்பானின் டைப் 94 பிஸ்டலில் இடப்பக்கம் வெளியே தெரியும் பட்டையை அழுத்தினாலே, ட்ரிக்கரைத் தொடாமலேயே குண்டு பாயலாம். ஜெர்மன் வால்தர் பி38-இல் சேஃப்டி லீவரைக் கீழே தள்ளினால் ஹாமர் விழும். உள்பாகம் தேய்ந்திருந்தால் அப்போதே வெடிக்கவும் கூடும். இதைச் சோதிக்க ஒரு பழைய வழி உண்டு. மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டி) கழற்றி, சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) காலி என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, குழலுக்குள் ஒரு பென்சிலை ரப்பர் முனை உள்ளே இருக்கும்படி விட்டு, லீவரைத் தள்ளுங்கள். பென்சில் துள்ளினால் அந்தப் பி38 சுடுவதற்கல்ல. துள்ளாவிட்டாலும் தோட்டா இருக்கும்போது லீவரால் ஹாமரை இறக்க நான் விடமாட்டேன்.

பாகங்களில் பொறித்த வரிசை எண்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று வருந்தாதீர்கள். சேகரிப்பவருக்குத்தான் அது குறை. எண் பொருந்திய ஜெர்மன் லூகர் பிஸ்டலில் சுட்டு ஒரு பாகம் உடைந்தால் போன மதிப்பு திரும்பாது. கலந்த எண் கொண்டது, ஒழுங்காகப் பொருத்திச் சோதித்திருந்தால், சுடுபவருக்குத் தோதானது.

பழைய ராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் பிரைமரில் (தோட்டாவின் அடியில் தீமூட்டும் சிறு பகுதி) பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டபின் தங்கும் உப்பு ஈரத்தை இழுத்துக் குழலை அரிக்கும். எண்ணெய் அதைக் கரைக்காது. முதலில் வெந்நீர், நன்றாக உலர்ந்த பிறகே எண்ணெய்.

ரீகாயில் ஸ்பிரிங்கை (சுடும்போது பின்னோக்கிய உதைப்பைத் தாங்கும் சுருள்வில்) மாற்றி, விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டியபின் சுடுதளத்துக்குப் போங்கள். முதலில் மேகசினில் ஒரே ஒரு தோட்டா. சரியாகப் போனால் இரண்டு. உள்ளே ஹாமரைப் பிடித்து நிறுத்தும் கொக்கி தேய்ந்திருந்தால் ஒரே இழுப்பில் இரண்டும் வெடிக்கும். மேகசின் முழுக்க நிரப்பியிருக்கும்போது அது தெரியவரக் கூடாது.