அதிக வட்டி தரும் கம்பனியின் ஆண்டறிக்கையில் எதைப் பார்ப்பது?

ஓய்வூதியக் காசை வைப்பிலிட இடம் தேடும் வெள்ளவத்தைக்காரர்கள் என்னிடம் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்பார்கள்: "இந்த ஃபினான்ஸ் கம்பனி மத்திய வங்கியில் பதிவானதுதானே?"

கேட்க வேண்டிய கேள்விதான். 2008 இறுதியில் விழுந்த கோல்டன் கீ என்ற கடனட்டைக் கம்பனி, வைப்பு வாங்க அனுமதி இல்லாமலே மக்களின் பணத்தை வாங்கியது. ஆனால் அனுமதி மட்டும் போதாது. "த ஃபினான்ஸ் கம்பனி" என்ற பெயரிலேயே இருந்த நிறுவனம் அனுமதி பெற்ற பழைய நிறுவனம். கோல்டன் கீ இருந்த அதே செலிங்கோ குழுமத்தைச் சேர்ந்தது என்பதால் அந்த நெருக்கடி அதையும் பிடித்தது. கடைசியில் 2020 மே மாதம் அதன் அனுமதிப்பத்திரத்தை மத்திய வங்கி இரத்துச் செய்தது.

அதனால்தான், இடர் முகாமைத்துவத்தில் வேலை செய்யும் நான், ஆண்டறிக்கை கைக்கு வந்தால் இலாபத்தைப் பார்க்கும் முன் தொடர்புபட்ட தரப்பினருடனான கொடுக்கல் வாங்கல் பற்றிய குறிப்பைத் தேடுவேன். பணிப்பாளர்களுக்கும் அவர்களுடைய மற்றக் கம்பனிகளுக்கும் எவ்வளவு கடன் போயிருக்கிறது என்பது அங்கே தெரியும். உங்கள் காசு முதலாளியின் காணி வியாபாரத்துக்குள் போயிருந்தால், அது படுக்கும் நாளில் உங்கள் வைப்பும் சேர்ந்து படுக்கும்.

அப்புறம், கடன்களில் உள்ள ஆபத்தை எடைபோடும் இடர் அதிகாரி யாருக்குக் கீழே வேலை செய்கிறார்? கடன் பிரிவின் தலைவருக்குக் கீழே என்றால், "இந்தக் கடன் வேண்டாம்" என்று அவர் எழுதும் குறிப்பு அந்த மேசையைத் தாண்டாது. மாத இலக்கை எட்டத் துடிக்கும் ஒருவர் தன் வியாபாரத்தைத் தானே தடுப்பாரா? இடர் அதிகாரி பணிப்பாளர் சபையின் இடர் குழுவிடம் நேரே போக முடிய வேண்டும். நிதிக் கம்பனிகளுக்கான மத்திய வங்கியின் 2021ஆம் ஆண்டு 5ஆம் இலக்கப் பணிப்புரை அந்தக் குழுவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சரி, குழு இருக்கிறது, கூடுகிறதா? வருகை விபரத்தைப் பாருங்கள். முதலாளியோடு தொடர்பில்லாத சுயாதீனப் பணிப்பாளர் பாதிக் கூட்டங்களுக்கு வரவில்லை என்றால் நான் அங்கே ஒரு சதமும் போடமாட்டேன். இடர் அதிகாரிகள் அடிக்கடி விலகிப் போவதும் எனக்கு நல்ல அறிகுறியாகப் படுவதில்லை. கணக்காய்வாளர் தன் அறிக்கையில் ஏதாவது ஆட்சேபம் எழுதியிருந்தால் அதையும் தாண்டிப் போகாதீர்கள்.

வைப்புக் காப்புறுதி இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது, ஆனால் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாய் வரைதான். ஒரு வீதம் கூடுதல் வட்டிக்காக ஐம்பது இலட்சத்தை ஒரே இடத்தில் போடுபவர் மிச்சம் 39 இலட்சத்தையும் அந்தப் பணிப்பாளர் சபையை நம்பியே விடுகிறார்.

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பனிகளின் ஆண்டறிக்கைகள் கொழும்புப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். மற்றவற்றுக்குக் கிளையிலேயே கேளுங்கள். தர மழுப்பினால் காசோலையில் கையெழுத்துப் போடாமல் எழுந்து வாருங்கள்.